நட்சத்திர ஆமைக்கு ஏற்ற அடைப்பு

இந்தியாவின் வறண்ட நிலங்களில் வாழும் உயிரினங்களுள் நட்சத்திர ஆமையும் ஒன்று. கருநிற ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கதிர்கள் விரியும் அழகே அதற்கு அப்பெயரைத் தந்தது. அந்த அழகே அதற்குக் கேடாகவும் முடிந்தது. வீட்டில் வளர்க்கவும், வெளிநாட்டுச் சந்தைகளில் விற்கவும் இவ்வாமைகள் பெருந்தொகையில் பிடிக்கப்படுகின்றன. இந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்தை ஒட்டிய பகுதியிலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

விமான நிலையங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் துணிப் பைகளிலும் பெட்டிகளிலும் அடைக்கப்பட்ட ஆமைகள் கைப்பற்றப்படும் செய்தி அவ்வப்போது வெளிவருகிறது. கடத்தியவர் மீது வழக்குத் தொடரப்படுகிறது. ஆனால், கைப்பற்றப்பட்ட ஆமைகளின் கதி என்ன? அவற்றை அன்றே காட்டில் விட்டுவிட இயலாது. அவை வழக்குக்குரிய சான்றுப் பொருள்கள், பெரும்பாலும் நோயுற்றவை, எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தவை என்பதும் தெரியாது. ஆகவே, அவை சில மாதங்களோ சில ஆண்டுகளோ மனிதரின் பொறுப்பில் வாழ்ந்தாக வேண்டும். அக்காலத்தில் அவை பிழைப்பதும் மடிவதும் அவற்றுக்கு அமைத்துத் தரப்படும் அடைப்பைப் பொறுத்ததே.

சட்டத்தின் நிலை

நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதை முதற்கண் தெளிவாக அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவ்வாமை நெடுங்காலம் நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கும் முதல் அட்டவணைக்கு அது உயர்த்தப்பட்டது. இந்த அட்டவணையில் உள்ள விலங்குகள் தொடர்பான குற்றங்களுக்குக் குறைந்தது 3 ஆண்டும், 7 ஆண்டு வரையும் சிறைத் தண்டனையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையிலும் 2019-இல் இவ்வாமை முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதனால் காட்டில் பிடித்த ஆமைகளை வணிக நோக்குடன் நாடு கடத்துவது உலகெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

ஆமை செல்வம் கொணரும் என்ற நம்பிக்கை பல நகரங்களில் இந்த வணிகத்தை வளர்க்கிறது. தமிழ் வழக்கிலோ ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. இரு நம்பிக்கைகளுக்கும் அடிப்படை இல்லை. எனினும், வீட்டுக்குள் புகுத்தப்பட்ட ஆமை உருப்படுவதில்லை என்பது மட்டும் உண்மை. குளியலறைத் தொட்டியிலும் கண்ணாடிப் பெட்டியிலும் கிடக்கும் ஆமை உடனே சாவதில்லை. பல மாதங்களில் மெல்ல மெல்ல நலிகிறது. அந்த நலிவு கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

நட்சத்திர ஆமைகளைச் சட்டப்படி பேணும் பொறுப்பு வனத்துறைக்கும், மீட்பு மையங்களுக்கும், ஏற்பளிப்புப் பெற்ற விலங்குக் காட்சிசாலைகளுக்கும் உரியது. கீழே கூறப்படும் அமைப்பு முறை அவற்றின் பணியாளர்களுக்குப் பயன்படும். வெளிநாட்டு இன ஆமைகளை உரிய பதிவுடன் வளர்ப்போரும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நன்று.

நிலமே பாடநூல்

நல்ல அடைப்பை அமைக்க விரும்புவோர் முதலில் ஆமை இயற்கையாக வாழும் நிலத்தை நோக்க வேண்டும். நட்சத்திர ஆமை வடமேற்கில் குஜராத், இராஜஸ்தான் பகுதிகளிலும், தெற்கே ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிறது. பாகிஸ்தானின் சிந்துப் பகுதியிலும் இலங்கையிலும் அது உண்டு. முட்புதர்க் காடும், புல்வெளியும், மானாவாரி வயல்களின் வரப்போர வேலிப் புதர்களும் அதன் இருப்பிடங்கள்.

அங்கு அதன் அன்றாட வாழ்க்கை எளிய ஒழுங்குடன் நடைபெறுகிறது. காலையில் வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்கிறது, பின்னர் மேய்கிறது, உச்சிப் பொழுதில் புல் புதரின் அடியிலோ இலந்தைச் செடியின் நிழலிலோ ஒதுங்குகிறது, மாலையில் மீண்டும் நடமாடுகிறது. மழைக் காலத்தில் பகல் முழுவதும் சுறுசுறுப்பாக இருக்கிறது. கடுங்கோடையிலும் கடுங்குளிரிலும் அசைவு குறைந்து மறைவிடத்தில் தங்குகிறது. ஆமைக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நடந்தே அது தன் வெப்பநிலையைச் சீராக வைத்துக்கொள்கிறது. எனவே, வெயிலும் நிழலும், உலர்வும் ஈரமும், திறந்த வெளியும் மறைவிடமும் ஒருங்கே அமைந்து, அவற்றுள் வேண்டியதை ஆமையே தேர்ந்துகொள்ள இடம் தருவதே நல்ல அடைப்பு. பிற விதிகள் யாவும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

இடமும் அளவும்

காலை வெயில் தடையின்றி விழும் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மழை நீர் தேங்கும் பள்ளமும், நாள் முழுவதும் கட்டடத்தின் நிழல் விழும் இடமும் ஆகா. நான்கு பெரிய ஆமைகளுக்கு 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட அடைப்பு நடைமுறைக்கு உகந்தது. எண்ணிக்கை கூடினால் பரப்பும் கூட வேண்டும். கைப்பற்றப்பட்டவை நூற்றுக்கணக்கில் வந்து சேரும்போது அனைத்தையும் ஒரே அடைப்பில் விடும் பழக்கம் கேடானது. வலியவை உணவை மறித்துக்கொள்ளும். எளியவை பட்டினி கிடக்கும். ஒன்றின் நோய் அனைத்துக்கும் பரவும். சிறு சிறு குழுக்களாகப் பிரிப்பதே முறை. ஆண் ஆமைகள் பெண் ஆமைகளை ஓயாது துரத்தி அலைக்கழிக்குமாதலால், ஆண்கள் குறைந்தும் பெண்கள் மிகுந்தும் இருக்குமாறு குழு அமைய வேண்டும். அல்லது இரு பாலையும் தனித்தனியே வைக்க வேண்டும். முழு வளர்ச்சி பெற்ற பெண் ஆமை ஆணைவிடப் பெரியது. அதன் வால் குட்டையானது.

சுவர்

அடைப்பின் சுற்றுச்சுவர் செங்கல்லாலோ கல்லாலோ அமையலாம். தரைக்கு மேல் 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரமும், தரைக்குக் கீழ் 30 சென்டிமீட்டர் ஆழமும் போதுமானவை. கம்பி வலையை மட்டும் வேலியாக இடுதல் தவறு. வலையின் மறுபுறம் தெரிவதால் ஆமை அதனுள் நுழைய ஓயாமல் முட்டிக்கொண்டே இருக்கும். தலையும் கால்களும் புண்ணாகும். மறுபுறம் தெரியாத சுவரை அது எல்லையாக ஏற்றுக்கொள்கிறது.

மூலைகளை வளைவாக அமைத்தல் நன்று. கூரிய மூலையில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்துவிடுகின்றன. மல்லாந்து விழுந்த ஆமை வெயிலில் ஒரு சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும். ஆகவே காலையும் மாலையும் அடைப்பைச் சுற்றிப் பார்த்து எண்ணிக்கை எடுப்பது பணியாளரின் முதற் கடமை.

தரை

சிமெண்டுத் தரையைக் கழுவுவது எளிது. அதனாலேயே பல இடங்களில் அது விரும்பப்படுகிறது. ஆனால், ஆமைக்கு அது மிகத் தீங்கானது. கோடையில் அது கொதிக்கிறது, மழையில் குளிர்கிறது, கால் நகங்களையும் அடி ஓட்டையும் தேய்க்கிறது, முட்டையிட மண் இன்றிப் பெண் ஆமை தவிக்கிறது. வழுவழுப்பான ஓட்டுத் தரையில் இளம் ஆமைகளின் கால்கள் அகன்று வளைந்துவிடுகின்றன.

செம்மண்ணும் மணலும் கலந்த தரையே ஏற்றது. ஒரு பகுதியிலேனும் இக்கலவை 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு இருத்தல் வேண்டும்; பெண் ஆமை அங்கே குழி தோண்டி முட்டையிடும். நிலம் ஒரு பக்கமாகச் சற்றுச் சரிந்து நீர் வடிய வேண்டும். நடுவில் அரை மீட்டர் உயர மண்மேடு ஒன்று இருந்தால், அடைமழைக் காலத்தில் ஆமைகள் அதன்மேல் ஏறி உலர்வாக இருக்கும். ஈரமும் குளிரும் ஒருங்கே தாக்குவதுதான் நட்சத்திர ஆமைக்குப் பெரும் பகை. மூக்கில் நீர் வடிதல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், கண் இமை வீங்குதல் ஆகியவை நுரையீரல் நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் ஆமையைப் பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெயிலும் நிழலும்

ஆமையின் ஓடு உயிருள்ள எலும்பு. அது உறுதியாக வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அந்த வைட்டமினை ஆமையின் தோல் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரைக் கொண்டே உண்டாக்குகிறது. இக்கதிர் கண்ணாடியை ஊடுருவாது. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் ஆமையை வைத்தால் வெப்பம் கிடைக்கும், கதிர் கிடைக்காது. வீடுகளிலிருந்து மீட்கப்படும் ஆமைகளின் ஓடு அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மென்மையாக இருப்பதற்கு இதுவும் குறைபட்ட உணவுமே காரணம்.

வெயில் எவ்வளவு இன்றியமையாததோ நிழலும் அவ்வளவு இன்றியமையாதது. அடைப்பின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கேனும் எந்நேரமும் நிழலில் இருக்க வேண்டும். இலந்தை, சப்பாத்திக்கள்ளி, செம்பருத்தி, கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றை நடலாம். இவை நிழலும் தரும், உணவும் தரும். அரளி, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளை அடைப்பின் அருகிலும் வளர்த்தல் கூடாது. பாதியாக உடைத்துக் கவிழ்த்த மண்பானைகளும், தாழ்வான ஓலைச் சாய்ப்பும் மறைவிடமாக உதவும். அஞ்சிய ஆமை உண்ணாது. மறைவிடம் உள்ள ஆமையே விரைவில் அச்சம் தெளிந்து மேயத் தொடங்கும்.

இந்த ஆமைக்கு 25 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. வட இந்தியாவில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும் ஊர்களில், இரவில் ஆமைகளை வைக்கோல் பரப்பிய உள்ளறைக்கு மாற்ற வேண்டும். வெப்ப விளக்கு இடுவதாயின், அது வைக்கோலில் படாதவாறு உயரத்தில் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். குளிர் நாட்டு ஆமைகளைப்போல் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் இயல்பு நட்சத்திர ஆமைக்கு இல்லை என்பதை மறத்தல் ஆகாது.

நீரும் உணவும்

நீர்த்தொட்டி ஆழமற்றதாய், விளிம்பு தரையோடு சமமாய், சரிவாக இறங்கும்படி அமைய வேண்டும். 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆமை தொட்டியில் இறங்கிக் குடிக்கும். அதிலேயே கழிக்கவும் செய்யும். ஆகவே நாள்தோறும் நீரை மாற்றுவது கட்டாயம். கடத்தலில் பல நாள் நீரின்றிக் கிடந்து வந்த ஆமைகளை, முதல் நாளிலேயே இளஞ்சூடான ஆழமற்ற நீரில் சிறிது நேரம் இருத்துவது உயிர் காக்கும் முதலுதவியாகும்.

புல்லும் நார்ச்சத்து மிக்க இலைகளுமே உணவின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், சப்பாத்திக்கள்ளியின் முள் நீக்கிய மடல், அகத்தி, முருங்கை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம். பழம் சிறிதளவே போதும். சோறு, ரொட்டி, பால், முட்டை, இறைச்சி ஆகியவை ஆகா. புரதம் மிகுந்தால் சிறுநீரகம் கெடும். நார்ச்சத்துக் குறைந்தால் குடல் கெடும். வெள்ளரியையும் தக்காளியையும் மட்டும் தின்று வளரும் ஆமைக்கு வயிறு நிரம்பும், எலும்பு நிரம்பாது. நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டை அடைப்பில் இட்டு வைத்தால், ஆமைகள் வேண்டும்போது கடித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும். உணவை மண்மேல் இடாமல் தட்டைக் கல்லின்மேல் வைத்தல் வேண்டும். உணவோடு மணலை விழுங்கினால் குடல் அடைபடும்.

குஞ்சுகளும் பகைகளும்

கடத்தப்படும் ஆமைகளில் பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும் இளம் ஆமைகள். இவற்றுக்கு எலி, காகம், பருந்து, கீரி, உடும்பு, நாய் எனப் பகைகள் பல. எறும்புக் கூட்டமும் குஞ்சைக் கொன்றுவிடும். ஆகவே இளம் ஆமைகளுக்குத் தனி அடைப்பும், அதன் மேலே வலையும், சுற்றிலும் எறும்பு தாண்டாத சிறு நீர்க்கால்வாயும் வேண்டும். பெரியவற்றைவிட அடிக்கடி நீரும், சற்றுக் கூடுதலான ஈரப்பதமுள்ள மறைவிடமும் இவற்றுக்குத் தேவை.

தனிமைக் காலமும் பதிவேடும்

புதிதாக வரும் ஆமைகளைப் பழையவற்றோடு உடனே சேர்த்தல் கூடாது. குறைந்தது 3 மாதம் தனி அடைப்பில், தனிப் பாத்திரங்களோடு, இயன்றால் தனிப் பணியாளரின் கவனிப்பில் வைத்திருத்தல் வேண்டும். பல நாடுகளின் ஆமைகள் கலந்து கிடக்கும் சந்தை வழியாக வந்தவற்றிடம், இந்நாட்டு ஆமைகள் முன்பு கண்டிராத நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். ஒவ்வோர் ஆமைக்கும் எண் இட்டு, மாதந்தோறும் எடையும் நீளமும் பதிதல் நன்று. எடை குறைவதே பெரும்பாலும் நோயின் முதல் அறிகுறி. ஓட்டின்மேல் வண்ணம் பூசி அடையாளமிடுதல் தவிர்க்கத்தக்கது.

மனிதர் நலமும் இதில் அடங்கியுள்ளது. வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள ஆமையின் கழிவிலும் சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இந்நோய் பரவியதால், 4 அங்குலத்திற்கும் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்காக விற்பது 1975-இல் தடை செய்யப்பட்டது. ஆமையைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுதல் பணியாளர் அனைவருக்கும் விதியாக வேண்டும்.

இனத்துக்கு ஏற்ற இல்லம்

எல்லா ஆமைக்கும் ஒரே அடைப்பு பொருந்தாது. வடகிழக்கின் ஈரக் காடுகளில் வாழும் ஆசியப் பேராமை இதற்குச் சான்று. உதிர்ந்த இலைகளைக் குவித்து மேடாக்கி, அதனுள் முட்டையிட்டுக் காவல் காக்கும் இயல்புடையது இது. நட்சத்திர ஆமைக்குக் கேடான ஈரமும் அடர் நிழலும் இதற்கு உயிர். நாகாலாந்து விலங்குக் காட்சிசாலையில் இவ்வியல்பறிந்து வளர்க்கப்பட்ட 10 இளம் ஆமைகள் 2022 டிசம்பரில் இன்டங்கி தேசியப் பூங்காவில் விடப்பட்டன.

வெளிநாட்டு இனங்களுள் ஆப்பிரிக்க முள்தொடை ஆமை இந்திய நகரங்களில் அதிகம் விற்கப்படுகிறது. வாங்கும்போது அது கைக்குள் அடங்கும். வளர்ந்தபின் 50 கிலோவையும் தாண்டும். மண்ணில் சில மீட்டர் ஆழத்திற்கு வளை தோண்டும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு ஏற்ற அடைப்பு அமையவே இயலாது. இத்தகைய பன்னாட்டுப் பட்டியலிலுள்ள இனங்களை வைத்திருப்போர், 2024-இல் வெளியான விதிகளின்படி, அரசின் பரிவேஷ் இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆமையின் ஆயுள் நீண்டது. 2006 மார்ச்சில் இறந்த அல்டாப்ராப் பேராமையான அத்வைதா, கொல்கத்தா அலிப்பூர்க் காட்சிசாலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தது. ஆமையை ஏற்பவர் பல தலைமுறைப் பொறுப்பை ஏற்கிறார்.

அடைப்பிலிருந்து நிலத்திற்கு

மீட்பு மையத்தின் அடைப்பு ஒரு தங்குமிடம்; அதுவே முடிவிடம் ஆகிவிடலாகாது. ஆனால், அவசரமாகக் காட்டில் விடுவதும் தீங்கே. வடமேற்கு ஆமைகளும் தென்னாட்டு ஆமைகளும் மரபணுவில் வேறுபடுவதை ஐதராபாத்து அறிவியலாளர்கள், சிங்கப்பூரிலிருந்து மீட்கப்பட்ட ஆமைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஓரிடத்து ஆமையை மற்றோரிடத்தில் விட்டால் இரு மரபுகளும் கலந்து கெடும். சிங்கப்பூரில் கைப்பற்றப்பட்ட 51 ஆமைகள் 2018 நவம்பரில் கர்நாடகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டன. கேரளத்தின் சின்னார்ப் புகலிடத்தில், மழை மறைவுப் பகுதியின் முட்புதர்க் காட்டில், மீட்கப்பட்ட ஆமைகள் பேணப்பட்டு விடப்படுகின்றன. நோயற்றவை எனச் சோதித்து, அந்நிலத்திலேயே வேலியிட்ட பரப்பில் சில காலம் பழக்கி, பின் வேலியை நீக்குவது சிறந்த முறை. அங்கே தங்கிப் பழகிய ஆமை வேலி நீங்கியதும் வெகுதூரம் அலைந்து அழியாமல் அந்நிலத்தையே தன் இடமாகக் கொள்கிறது.

இவ்விடத்தில் வளர்ச்சிப் பணியோடு தொடர்புடைய கேள்வி ஒன்று எழுகிறது. ஆமை திரும்பிச் செல்ல நிலம் உள்ளதா? முட்புதரும் புல்வெளியும் அரசுப் பதிவேடுகளில் பெரும்பாலும் தரிசு என்றே குறிக்கப்படுகின்றன. தரிசு என்று பெயர் பெற்ற நிலம் தோட்டமாகவும் தொழில் மனையாகவும் எளிதில் மாறிவிடுகிறது. ஆனால், அதே நிலம் ஆடு மாடுகளுக்கு மேய்ச்சலும், சிற்றூர் மக்களுக்கு விறகும் இலந்தைப் பழமும், ஆமைக்கு வீடும் தருகிறது. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வயலோர வேலிப் புதரை எரிக்காமல் விடும் உழவரும் இப்பணியில் பங்காளரே.

நல்ல அடைப்புக்குப் பெருஞ்செலவு இல்லை. செங்கல், செம்மண், ஓலை, உடைந்த பானை, உள்ளூர்ச் செடிகள் ஆகியவை எந்த மாவட்டத்திலும் கிடைப்பவை. இன்று பெரிதும் குறைவாக இருப்பது ஆமையின் இயல்பை அறிந்த பணியாளரே. அவர்களுக்குப் பயிற்சி அளித்தல் உடனடித் தேவை. பொதுமக்கள் செய்ய வேண்டுவது அதனினும் எளிது: ஆமையை வாங்காதிருத்தல், விற்பனையைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவித்தல், வழியில் காணும் ஆமையை வீட்டுக்கு எடுத்து வராமல் அது செல்லும் திசையிலேயே விடுதல். வாங்குவோர் குறைந்தால் பிடிப்போரும் குறைவர். அப்போது மீட்பு மையங்களில் புதிய அடைப்புகளுக்குத் தேவையும் குறையும்.